வலது இதயவறை வீங்கிவிட்டால் நாள் குறித்துவிடலாமா? ஓர் எலிக்காய்ச்சல் நோயாளியின் கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நோயாளியின் முதல் எக்கோவை (இதய ஸ்கேன்) செய்து, டிக்கெட்டில் (நோயாளிக் குறிப்பேட்டில்) "எக்கோ: பெரிதாக ஒன்றுமில்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தவன் நான்தான். எட்டு மணித்தியாலம் கழித்து எங்கள் கொன்சல்டன்ட் மேடம் அதே நெஞ்சில் புரோபை வைத்தபோது வலது இதயவறை இடதை விடப் பெரிதாக நின்றது. இடையில் நடந்தது என்ன, நான் எதைப் பார்க்கத் தவறினேன், அந்தப் படத்தை வைத்து ஆள் பிழைப்பாரா மாட்டாரா என்று சொல்ல முடிந்ததா என்பதைத்தான் எழுதப் போகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன். நான் அப்போது ரெஜிஸ்ட்ரார். கொழும்பில் ஓர் ஐசியூ, அவ்வளவு போதும்.

வயது 41. புறக்கோட்டையில் நாட்டாமை வேலை (மூட்டை தூக்கி வண்டி தள்ளுவது), வீடு கிராண்ட்பாஸ் பக்கம், களனி கங்கைக்குக் கிட்ட. மழைக்கு ஆறு பெருகி இரண்டு நாள் வீட்டுக்குள் முழங்கால் அளவுத் தண்ணீர். தண்ணீர் வடிந்ததும் வெறுங்காலோடு இறங்கிக் கானை அள்ளியிருக்கிறார். வண்டிச் சில்லு ஏறிய புண் ஒன்று ஏற்கனவே பாதத்தில் இருந்தது. ஒரு கிழமைக்கு மேல் ஒன்றுமில்லை, பிறகு காய்ச்சல். பக்கத்து டிஸ்பென்சரியில் பரசிட்டமோல். நாலாம் நாள் கண் சிவந்துவிட்டது, கெண்டைக்காலைத் தொட விடமாட்டேன் என்கிறார். ஐந்தாம் நாள் பின்னேரம் மூச்சு வாங்குகிறது என்று முச்சக்கரவண்டியில் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

கொழும்பில் காய்ச்சலோடு பிளேட்லெட் குறைந்து ஒருவர் வந்தால் எல்லோருக்கும் முதலில் டெங்குதான் நினைவுக்கு வரும், எங்களுக்கும் அப்படித்தான். ஆனால் டெங்குப் பரிசோதனையான என்எஸ்1 நெகட்டிவ் (ஐந்தாம் நாளில் அது நெகட்டிவ் என்பதால் டெங்கு இல்லை என்று ஆகாது, அது வேறு கதை), இரத்தம் தடித்திருக்கவில்லை, கண்ணில் மஞ்சள், கிரியட்டினின் 3.1, பிளேட்லெட் 48,000, அதோடு அந்தக் கெண்டைக்கால் வலியும் வெள்ளமும் புண்ணும். எலிக்காய்ச்சல் என்று வைத்து மருந்தைத் தொடங்கிவிட்டோம். அன்டிபயோட்டிக்குக்கு, எலிக்காய்ச்சலை உறுதிசெய்யும் எம்ஏடி இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்க முடியாது. நுரையீரலில் இரத்தக்கசிவு இருக்கலாம் என்று மெதில்பிரெட்னிசலோனும் கொடுத்தோம். அதற்கு ஆதாரம் எவ்வளவு பலம் என்று கேட்டால் பலமில்லை. நம் நாட்டில் பலரும் கொடுக்கிறார்கள், நாங்களும் கொடுத்தோம். எலிக்காய்ச்சல் இங்கே புதிதுமில்லை, 2008ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுக்க 7,000க்கு மேற்பட்ட சந்தேக நோயாளிகள் பதிவானார்கள்.

மூச்சு நிமிடத்துக்கு 38, ஒக்சிஜன் இல்லாமல் செறிவு 82 சதவீதம், பிரஷர் 94/58. எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் பஞ்சைப் பிய்த்துப் போட்டது போல. மூக்கு வழியாக வேகமாக ஒக்சிஜன் கொடுத்து ஐந்து மணித்தியாலம் இழுத்தடித்தோம், முடியவில்லை, டியூப் போட்டோம். போட்ட உடனே டியூபில் ரோஸ் நிறத் திரவம். கொட்டவில்லை, ஆனால் உறிஞ்சும்போதெல்லாம் வந்துகொண்டிருந்தது.

இரவு ஒன்பதரைக்கு நிலைமை இது: ஒக்சிஜன் 90 சதவீதம் கொடுத்தும் இரத்தத்தில் 68தான், அதாவது இரத்த ஒக்சிஜன் அழுத்தத்தைக் கொடுக்கும் ஒக்சிஜனின் பங்கால் வகுத்து வரும் பிஎஃப் விகிதம் 76. 2012 பெர்லின் வரையறைப்படி 100க்குக் கீழே போனால் கடுமையான ஏஆர்டிஎஸ், அதாவது இரண்டு நுரையீரலும் அழற்சியில் நீர் கோத்துத் திடீரென்று செயலிழக்கும் நிலை. 50 நாடுகளின் ஐசியூக்களைப் பார்த்து 2016இல் வந்த லங் சேஃப் ஆய்வில் இந்தக் கடுமையான வகையினரில் ஏறத்தாழ 46 சதவீதம் பேர் வைத்தியசாலையிலேயே இறந்தார்கள். ஆளின் உயரம் 162 சென்ரிமீற்றர். அந்த உயரத்துக்கான எடை 58.7 கிலோ என்று கணக்குப் போட்டு, கிலோவுக்கு 6 மில்லிலீற்றர் வீதம் 350 மில்லிலீற்றர் மூச்சு வைத்தேன். மூச்சு வெளியே போன பிறகும் நுரையீரலில் விட்டுவைக்கும் அழுத்தம், பீப், 12. மூச்சு உள்ளே போய் நின்றதும் இருக்கும் பிளாட்டோ அழுத்தம் 31, ஆக இரண்டுக்குமான வித்தியாசம், டிரைவிங் பிரஷர், 19. கார்பன்டயொக்சைட் 61, பிஎச் 7.19. இந்த எண்களை ஒரு வரிசையில் எழுதி வைத்துக்கொண்டும் அவை என்ன சொல்கின்றன என்று அன்றிரவு நான் கேட்கவில்லை, அதற்குப் பிறகு வருகிறேன்.

பத்து மணிக்கு எக்கோ. நான் அதைச் செய்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று: நுரையீரலில் இருக்கும் நீர் இதயத்தால் வந்ததா? எலிக்காய்ச்சல் இதயத் தசையையும் தாக்கும், அதனால் கேள்வி நியாயமானது. இடது இதயவறை நன்றாகவே துடித்தது, ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும் இரத்தத்தின் பங்கு, இஎஃப், 65 சதவீதத்துக்கு மேல், இடது பக்க நிரப்பு அழுத்தம் கூடின அறிகுறி எதுவும் இல்லை. அப்ப இதயம் காரணமில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று எனக்குச் சந்தோசம். அப்புறம் வலது பக்கம்: வென்டிலேட்டரில் இருப்பவருக்கு நுரையீரல் உப்பி இதயத்தைக் கீழே தள்ளிவிடுவதால் முன்பக்கப் படங்கள் கிடைக்கவில்லை, விலா எலும்புக்குக் கீழே இருந்து ஒரு படம் எடுத்தேன், கொஞ்சம் சாய்வாகத்தான் கிடைத்தது. டாப்ஸி அளந்தேன், 20 மில்லிமீற்றர். 17க்குக் கீழே போனால்தான் வலது இதயவறை பலவீனம் என்று புத்தகம். 20 என்றால் நன்று. ஜெல்லைத் துடைத்துவிட்டு எழுதிவிட்டேன்: பெரிதாக ஒன்றுமில்லை.

டாப்ஸி என்பது என்ன? வலது பக்க வால்வின் வளையம் ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் நுனியை நோக்கி எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பது. நீளவாக்கில் ஓர் அசைவு, அவ்வளவுதான். காய்ச்சலும் பிரஷரை ஏற்றக் கொடுக்கும் நோர்அட்ரினலினும் சேர்ந்து இதயத்தைப் பேயாக ஓட்டிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் இடது இதயவறையும் துள்ளிக்கொண்டிருக்கும்போது, அந்த வளையமும் சேர்ந்து துள்ளும். இதயவறை பக்கவாட்டில் பலூன் மாதிரி விரிந்திருந்தாலும் டாப்ஸி நல்ல எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். அன்று நான் அளந்தது துள்ளலை. விரிவை அளக்கவில்லை.

விடிய நாலு மணிக்கு பிரஷர் 78/46. நோர்அட்ரினலின் 0.08இல் இருந்தது 0.35 வரை போய்விட்டது. சிறுநீர் இல்லை. "எக்கோ நோர்மல்" என்று டிக்கெட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது, காய்ச்சல்காரர், செப்சிஸ், ஆக நீர் குறைவு என்று ஹார்ட்மன் திரவம் 500 மில்லிலீற்றர் ஏற்றினேன். ஏறவில்லை. இன்னும் 250ஐத் தொடங்கினேன். பிரஷர் இன்னும் இறங்கியது. இரவு மாற்றத்தில் இருந்த தாதி மிஸ், இருபது வருட ஐசியூ அனுபவம், இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தின் அழுத்தத்தை (சிவிபி) அளக்கும் கழுத்து லைனைக் காட்டி, "டொக்டர், சிவிபி 17, இன்னும் குடுக்கிறதா?" என்று கேட்டார். அது கேள்வி இல்லை என்பது எனக்கும் தெரிந்தது. நிறுத்திவிட்டு மேடத்துக்கு போன் போட்டேன். ஐந்து மணி இரத்த வாயுவில் கார்பன்டயொக்சைட் 68, பிஎச் 7.13.

ஆறு மணிக்கு மேடம் வந்தார். என்னோடு ஒன்றும் கதைக்கவில்லை. இடது கையைத் தலைக்கு மேலே தூக்கி வைக்கச் சொன்னார், இடுப்பின் வலது பக்கம் ஒரு தலையணையைச் செருகி ஆளைக் கொஞ்சம் இடதுபுறம் சாய்த்தார், நுனிப் பக்கம் ஒரு விலா இடைவெளி கீழே போய்ப் பொறுமையாகத் தேடினார். எனக்குக் கிடைக்காத நாலறைப் படம் அவருக்குக் கிடைத்தது. நான் தேடிய நேரம் இரண்டு நிமிடம் இருக்கும், அவர் தேடியது பத்து நிமிடம்.

திரையில் வலது இதயவறை நுனியைப் பிடித்திருந்தது. சாதாரணமாக அந்த இடம் இடது இதயவறையினுடையது. இரண்டையும் விரிந்த நிலையில் சுற்றி வரைந்து பரப்பை எடுத்தார். வலதை இடதால் வகுத்தால் 0.6க்குள் இருக்க வேண்டும், அதைத் தாண்டினால் விரிவு, 1ஐத் தாண்டினால் கடும் விரிவு. இங்கே 1.05. பிறகு குறுக்குப் படம். இடது இதயவறை குறுக்கில் பார்த்தால் முழு நிலவு மாதிரி வட்டமாக இருக்க வேண்டும். இவருக்கு ஒவ்வொரு சுருக்கத்தின் முடிவிலும் நடுச்சுவர் இடது பக்கம் சப்பையாகி, வட்டம் தேய்ந்த நிலவாகிவிட்டது. ஒரு துடிப்பை நிறுத்தி, முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டினார். சுருங்கும்போது தட்டை, விரியும்போது ஓரளவு வட்டம். அழுத்தம் தாங்காமல் திணறும் வலது இதயவறையின் கையெழுத்து அது. விரிவும் இந்தச் சுவர் அசைவும் சேர்ந்தால்தான் கடுமையான கோர் பல்மொனாலே என்று சொல்வது. விரிவு மட்டும் போதாது.

டாப்ஸி அப்போதும் 18. "தம்பி, டாப்ஸி எவ்வளவெண்டு கேக்கேல்லை. ஏரியா எவ்வளவு?" என்றார். நான் அளக்கவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

மற்றவையும் சேர்ந்து வந்தன. முக்கூர் வால்வில் பின்னோக்கிக் கசியும் வேகம் செக்கனுக்கு 3.4 மீற்றர், வர்க்கத்தை நாலால் பெருக்கினால் 46, வலது சோணையறை (மேலறை) அழுத்தம் 15 சேர்த்தால் நுரையீரல் நாடியின் அழுத்தம் 61. நுரையீரல் நாடியை நோக்கிய ஓட்டம் உச்சிக்கு ஏற எடுத்த நேரம் 58 மில்லிசெக்கன், மிகக் குறைவு, நடுவில் ஒரு வெட்டு வேறு. வலது சுவர் 4 மில்லிமீற்றர்தான், மெல்லிசு, ஆகவே பழைய நோய் இல்லை, இப்போது வந்தது. இடது இதயவறை சின்னதாக, காலியாக, வேகமாகத் துடிக்கிறது. வெளியே தள்ளும் ஓட்டத்தின் நீளம், விடிஐ, 11 சென்ரிமீற்றர் மட்டும். குமிழி விட்டுப் பார்த்தோம், இடது பக்கம் குமிழி போகவில்லை. சோணையறைச் சுவரில் ஓட்டை இருந்து அதனூடாக இரத்தம் தாண்டுவது ஏஆர்டிஎஸ்காரரில் அபூர்வமில்லை, பிரான்சில் ஒரு தொடரில் ஐந்தில் ஒருவரிடம் கண்டிருக்கிறார்கள், அதனால் பார்க்கத்தான் வேண்டும்.

நுரையீரல் நாடியில் இரத்தக்கட்டியா என்ற சந்தேகமும் வந்தது, அந்த வெட்டைக் கண்டால் யாருக்கும் வரும். சிடிக்குக் கொண்டு போகும் நிலையில் ஆள் இல்லை. கால் நாளங்களை அமுக்கிப் பார்த்தோம், கட்டி இருந்தால் அமுங்காது, எல்லாம் அமுங்கின. பிளேட்லெட் 48,000, டியூபில் இரத்தம், இந்த லட்சணத்தில் ஹெப்பரின் கொடுக்க யாருக்கும் மனமில்லை. கட்டி இல்லை என்று நிரூபிக்கவில்லை, ஆனால் வேறு காரணங்கள் கண்முன்னே இருந்தன, அவற்றை முதலில் சரிசெய்வோம் என்று மேடம் சொன்னார்.

அந்தக் காரணங்கள் இரவு ஒன்பதரைக்கு நானே வரிசையாக எழுதி வைத்த எண்கள்தான்.

வலது இதயவறை மெல்லிய சுவர்க்காரன். நுரையீரல் என்பது குறைந்த தடையுள்ள பாதை, அதற்குள் மெதுவாகத் தள்ளிவிட்டால் போதும் என்றே அது அமைந்திருக்கிறது. ஏஆர்டிஎஸ்ஸில் அந்தப் பாதை எல்லாப் பக்கமும் அடைபடுகிறது: ஒக்சிஜன் குறைவில் நாடிகள் சுருங்குகின்றன, கார்பன்டயொக்சைடும் அமிலமும் இன்னும் சுருக்குகின்றன, சின்னச் சின்னக் கட்டிகள் அடைக்கின்றன, அதற்கு மேல் நாங்கள் வென்டிலேட்டரால் ஊதும் காற்று நல்லாயிருக்கும் கொஞ்ச நுரையீரலையும் அளவுக்கு மேல் உப்பவைத்து அதன் நுண்குழாய்களை நசுக்குகிறது. தள்ள முடியாமல் வலது அறை வீங்குகிறது. சுற்றியிருக்கும் இதயவுறை விரியாது, ஆக வலது வீங்கினால் இடதுக்குத்தான் இடம் போகிறது. இடது நிரம்பவில்லை என்றால் பிரஷர் விழுகிறது, பிரஷர் விழுந்தால் வலது அறையின் தசைக்கே இரத்தம் போகாது, இன்னும் வீங்குகிறது. இந்தச் சுழலுக்குள் நான் ஊற்றியது 500க்கு மேல் ஹார்ட்மன். நிரம்பி வழியும் குடத்துக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றின மாதிரி.

752 நோயாளிகளைப் பார்த்த ஒரு பெரிய பிரெஞ்சு ஆய்வு 2016இல் வந்தது. பாதுகாப்பான அளவில் மூச்சு கொடுத்தும் 22 சதவீதம் பேருக்கு இந்த வலது பக்கத் திணறல் வந்திருந்தது. யாருக்கு வரும் என்பதற்கு நாலு விடயங்களைப் பிரித்தெடுத்தார்கள்: நிமோனியாவால் வந்த ஏஆர்டிஎஸ், டிரைவிங் பிரஷர் 18 அல்லது கூட, பிஎஃப் 150க்குக் கீழ், கார்பன்டயொக்சைட் 48 அல்லது கூட. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, புள்ளி ஏற ஏற வாய்ப்பும் ஏறும். இவருக்கு எலிக்காய்ச்சலை நிமோனியா என்று எண்ணாவிட்டாலும் மூன்று. எக்கோ மெஷினைத் தொடுவதற்கு முன்பே, ஒரு காகிதத்தில், வலது பக்கத்தைச் சந்தேகி என்று எழுதியிருந்தது. நான் இடது பக்கக் கேள்வியோடு போய் இடது பக்கப் பதிலோடு திரும்பினேன்.

சரி, என்ன செய்தோம். நீர் நின்றது. வாசோபிரெசின் சேர்த்தோம், அது உடம்பின் நாடிகளை இறுக்கும், நுரையீரல் நாடிகளை அவ்வளவாகத் தொடாது. பீப்பை 12இலிருந்து 8க்கு இறக்கினோம். எனக்குப் பயம், ஒக்சிஜன் இன்னும் விழும் என்று. விழுந்தது, ஆனால் இரண்டு மூன்று புள்ளிதான். பிளாட்டோ 25க்கு வந்தது, டிரைவிங் பிரஷர் 17. பீப் நாலு குறைய பிளாட்டோ ஆறு குறைந்ததென்றால் அந்த நுரையீரல் 12இல் திறந்து கிடக்கவில்லை, உப்பிக் கிடந்திருக்கிறது.

அப்புறம் நான் எதிர்பார்க்காத ஒன்று. டியூபுக்கும் குழாய்க்கும் நடுவில் ஈரம் பிடிக்கும் அந்தச் சின்ன ஃபில்டரை மேடம் கழற்றச் சொன்னார், சூடாக்கும் ஈரப்பதக் கருவியை மாட்டினோம். அந்த ஃபில்டருக்குள் நிற்கும் காற்று நோயாளிக்குப் பயனில்லாமல் போய்வரும் காற்று. 350 மில்லிலீற்றர் மூச்சில் அது சின்னத் தொகை இல்லை. இதுவும் பீப்புமாகச் சேர்ந்து ஒன்றரை மணித்தியாலத்தில் கார்பன்டயொக்சைட் 68இலிருந்து 59க்கு வந்தது. விலையில்லாத சிகிச்சை, யாரும் பெருமையாகப் பேசமாட்டார்கள்.

பத்து மணிக்குக் குப்புறப் போட்டோம். ஆறு பேர், தலைமாட்டில் டியூபைப் பிடித்தபடி நான். 2013இல் வந்த புரோசேவா ஆய்வில் கடுமையான ஏஆர்டிஎஸ்காரரை நீண்ட நேரம் குப்புறப் படுக்க வைத்ததில் 28 நாள் மரணம் 32.8இலிருந்து 16 சதவீதத்துக்கு இறங்கியது. அது எல்லோருக்கும் தெரியும். அவ்வளவாகத் தெரியாதது, குப்புறப் போடுவது வலது இதயவறைக்கும் மருந்து என்பது. ஒக்சிஜன் ஏறுகிறது, கார்பன்டயொக்சைட் இறங்குகிறது, காற்று பரவலாகப் போவதால் உப்பல் குறைகிறது, மூன்றும் சேர்ந்து பாதையைத் திறக்கின்றன. 2007இல் வந்த ஒரு சின்னத் தொடரில் வலதுபுறத் திணறல் இருந்தவர்களை 18 மணித்தியாலம் குப்புறப் போட்ட பிறகு பரப்பு விகிதம் சராசரி 0.91இலிருந்து 0.61க்கு வந்திருந்தது.

அன்று பின்னேரம் அவருடைய மனைவியும் மைத்துனரும் வந்தார்கள். மனைவி கையில் ஒரு போன், அதில் வீட்டுச் சுவரில் வெள்ளம் விட்டுப்போன கோட்டைப் படமெடுத்து வைத்திருந்தார், எனக்கு எதற்கு என்று கேட்காமலே காட்டினார். "கால்ல புண்ணு இருக்கு, எறங்காதீங்கன்னு சொன்னேன் ஐயா. பூட்ஸு வாங்கித் தாறேன்னும் சொன்னேன்." பிறகு, "நெஞ்சுல படம் புடிச்சீங்களாமே, அதுல என்னா தெரியுது? பொழச்சுக்குவாரா?"

என் தலைக்குள் எண்கள் ஓடின. 1.05. அந்த 752 பேர் ஆய்வில், வலது அறை இடதை விடப் பெரிதாகிய கடும் வகையினரின் மரணம் மற்றவர்களை விடத் தெளிவாகக் கூட இருந்தது, பாதிக்கு மேல். 226 பேரைப் பார்த்து 2013இல் வந்த முந்தைய ஒரு ஆய்விலும் திணறல் இருந்தவர்களில் 60 சதவீதம் 28 நாளுக்குள் இறந்தார்கள், இல்லாதவர்களில் 36. ஆனால் அதே 2013இல் 200 பேரைப் பார்த்த இன்னொரு ஆய்வில் திணறலுக்கும் 28 நாள் மரணத்துக்கும் சம்பந்தமே தெரியவில்லை. ஒரே நாடு, ஒரே முறை, கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில் திணறல், முடிவு வேறு. ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். எனக்குப் படுவது இதுதான்: திணறலைக் கண்டவர்கள் சும்மா பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. வென்டிலேட்டரை மாற்றினார்கள், குப்புறப் போட்டார்கள், நீரை நிறுத்தினார்கள். ஒரு படம் உன் கையைத் திருத்தினால், அந்தப் படம் சொன்ன எதிர்காலமும் மாறிவிடுகிறது. பிறகு எப்படி அது முன்கூட்டிச் சொல்லும்?

இதையெல்லாம் அந்த அக்காவிடம் சொல்ல முடியாது. "இதயத்தின் வலது பக்கம் களைச்சுப் போயிருக்கு அக்கா. நுரையீரல் இறுகினதால அதுக்குப் பாரம். பாரத்தைக் குறைக்கத்தான் குப்புறப் போட்டிருக்கோம். நாளைக்குத் திரும்பவும் படம் பார்ப்போம், அப்போ வீக்கம் இறங்கியிருந்தா எனக்குக் கொஞ்சம் தைரியமாச் சொல்ல ஏலும். இப்ப ஆபத்துத்தான்." மைத்துனர், அவரும் நாட்டாமைதான், பாரம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். "பாரம் ஏறுன வண்டிய மேட்டுல தள்ளுற மாதிரியா?" அதேதான் என்றேன். இரவில் நான் ஏற்றிய ஹார்ட்மன் பற்றியும் சொன்னேன், பிரஷருக்குக் கொடுத்தது சரிவரவில்லை, நிறுத்திவிட்டோம் என்று. அவர்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத்தான் உறுத்திக்கொண்டு இருக்கும்.

குப்புறப் படுத்திருக்கும்போதும் எக்கோ பார்க்கலாம் என்பதை அன்றுதான் பழகினேன். இடது நெஞ்சுக்குக் கீழே ஒரு தலையணை, இடது கை நீந்துகிறவர் மாதிரி மேலே, புரோபைக் கட்டிலுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் நுழைக்க வேண்டும். முட்டுக்காலில் நின்றுதான் திரையைப் பார்க்க முடிந்தது. நாலறைப் படம், நிமிர்த்திப் படுக்க வைத்திருந்ததை விடத் தெளிவாகக் கிடைத்தது, ஏனென்றால் இதயம் புரோபின் மேல் வந்து விழுகிறது.

17 மணித்தியாலம் முடிந்தபோது: ஒக்சிஜன் 50 சதவீதத்தில் 82, ஆக பிஎஃப் 164. கார்பன்டயொக்சைட் 47. நோர்அட்ரினலின் 0.14. பரப்பு விகிதம் 0.75. கசிவின் வேகம் 2.8, சோணையறை அழுத்தத்தை 10 என்று வைத்தால் மொத்தம் 41. விடிஐ 16. நடுச்சுவர் இன்னும் கொஞ்சம் தட்டை, ஆனால் இப்போது வட்டத்தைத் தேட வேண்டியதில்லை, தெரிகிறது. டாப்ஸி? 19. இரவு 20, காலை 18, இப்போது 19. ஆள் சாகப் போனபோதும் மீண்டபோதும் அது ஏறத்தாழ அதே இடத்தில் நின்றது. டாப்ஸியைத் திட்டவில்லை, நாடியின் அழுத்தத்தோடு சேர்த்து வகுத்துப் பார்த்தால் அதுவும் பேசும்: காலையில் 18ஐ 61ஆல் வகுத்தால் 0.3, இப்போது 19ஐ 41ஆல் வகுத்தால் 0.46. தனியாக நிற்கும்போதுதான் அது பொய் சொல்கிறது.

சிறுநீரகம் அதற்குள் முழுதாக நின்றுவிட்டது. முதல் நாளில் மட்டும் 3.4 லீற்றர் உள்ளே நின்றிருந்தது, அதில் என் பங்கும் உண்டு. மெதுவாக ஓடும் டயாலிசிஸ் போட்டு நீரை எடுத்தோம். இங்கேயும் விடிஐதான் வழிகாட்டி: எடுக்க எடுக்க விடிஐ விழவில்லை, கூடியது, ஆகவே இன்னும் எடுக்கலாம். இன்னும் இரண்டு தடவை குப்புறப் போட்டோம். இரண்டாவதன் முடிவில் விகிதம் 0.62. மூன்றாவதற்குப் பிறகு நிமிர்த்தி நாலு மணித்தியாலம் பார்த்ததில் 60 சதவீதத்துக்குக் குறைந்த ஒக்சிஜனிலும் 10க்குக் குறைந்த பீப்பிலும் பிஎஃப் 150க்கு மேலே நின்றது, நிறுத்திவிட்டோம்.

இந்த இடத்தில் அடுத்த கட்டிலைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை பொய்யாகிவிடும். அதே கிழமை, நிமோனியா, 56 வயது, பிஎஃப் 110. ஐந்து எக்கோ செய்தேன், ஒவ்வொன்றிலும் பரப்பை வரைந்தேன் (இப்போது விடுவேனா?), வலது இதயவறை ஒவ்வொரு தடவையும் அழகாக இருந்தது. ஒன்பதாம் நாள் வென்டிலேட்டரில் வந்த புது நோய்த்தொற்றில் போய்விட்டார். ஏஆர்டிஎஸ்காரர் பலர் இறப்பது ஒக்சிஜன் குறைவால் இல்லை, மற்ற உறுப்புகள் ஒவ்வொன்றாக நிற்பதால், புதுக் கிருமியால். எக்கோ அதைப் பார்க்காது. நல்ல வலது அறையைக் கண்டு அவருடைய மகனிடம் நான் கொஞ்சம் கூடவே நம்பிக்கையாகக் கதைத்திருந்தேன். அதுவும் ஒருவகை நாள் குறித்தல்தான், மறுபக்கமாக.

எங்கள் எலிக்காய்ச்சல்காரருக்கு எம்ஏடி பொசிட்டிவ் என்று பத்தாம் நாள் வந்தது, அப்போது அந்த முடிவு யாருக்கும் அவசரமில்லை. பதினோராம் நாள் டியூபைக் கழற்றினோம். குரல் வராமல் முதலில் கேட்டது தண்ணீர். டயாலிசிஸ் இரண்டு கிழமை, 24ஆம் நாள் வீடு. போகும்போது எழுதிக் கொடுத்த அறிக்கையில் முதல் எக்கோவின் வரியையும் மேடம் எடுக்க விடவில்லை. "பெரிதாக ஒன்றுமில்லை" அப்படியே இருக்கட்டும், அதற்குக் கீழே காலை ஆறு மணி எக்கோவும் நேரத்தோடு இருக்கட்டும் என்றார். அடுத்து வரும் ரெஜிஸ்ட்ரார்களுக்குக் கற்பிக்க அவர் இன்றைக்கும் அந்த இரண்டு வரிகளைத்தான் எடுத்துக் காட்டுகிறாராம், நல்ல வேளை கையெழுத்தை மறைத்துவிட்டு.

மூன்று மாதம் கழித்து கிளினிக்குக்கு வந்தார், புது ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, வெயிலில். மனைவி போடாமல் வெளியே விடுவதில்லையாம். கட்டிலில் சாய்த்து இடது கையை மேலே வைக்கச் சொன்னேன். கசிவு இல்லை என்று சொல்லலாம், நடுச்சுவர் வட்டமாக. இரண்டு அறைகளையும் சுற்றி வரைந்தேன், 0.5. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை வரைந்தேன். "என்னா ஐயா, ரெண்டு தரம் பாக்குறீங்க, ஏதும் இருக்கா?" என்று பயந்துவிட்டார். இல்லை அண்ணே, எனக்குப் பழக்கம் என்று சொல்லி, மூன்றாவது தடவை வரையாமல் ஜெல்லைத் துடைக்கத் துணியைக் கொடுத்தேன்.